மதுவம் விதையாகும் விதம்



ஈச்சிலம்பற்றில் நெல் விளைவிக்கும் உழவர், பஞ்சம் வந்துற்ற போதும் விதைநெல்லைக் குற்றி உண்ணத் துணியார். அடுத்த போகம் அதிலே அடங்கியிருக்கிறதன்றோ? அப்ப மாவைப் புளிக்கச் செய்யும் கள்ளிலே வாழ்கின்ற நுண்ணுயிர் ஒன்றும் பஞ்ச காலத்திலே விதையைத் தேடுகிறது. ஆனால் அது தானே விதையாக மாறிவிடுகிறது. ஒரே கலத்தாலான அவ்வுயிரை மதுவம் என்கிறோம். ஈஸ்ட் என்பதும் அதுவே.

உணவு மிகுந்திருக்கும்போது மதுவம் அரும்பி அரும்பிப் பெருகும். உணவு அருகியதும் ஒரு கலத்தினுள்ளே நான்கு வித்திகள் தோன்றும். தடித்த சுவருடைய அவை, வறட்சியையும் வெப்பத்தையும் தாய்க் கலத்தினும் நன்கு தாங்கும். தாய்க் கலத்தின் 32 நிறமூர்த்தங்களிற் பாதியாகிய 16 ஒவ்வொரு வித்திக்கும் கிடைக்கும். மதுவ வாழ்விலே இருமடிய நிலையும் ஒருமடிய நிலையும் மாறி மாறி வருவதை 1935ஆம் ஆண்டில், கோப்பன்ஹேகன் நகரத்துக் கால்சுபேர்க் ஆய்வுகூடத்து விங்கே என்னும் அறிஞர் விளக்கினார்.

இம்மாற்றத்துக்கு ஆணையிடுவது எது? 1988இல் இசுரவேல் ஆய்வாளர் அறிவித்த ஐ.எம்.ஈ.1 என்னும் பரம்பரையலகே அது. அது விழித்தெழ இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, இருவகைப் பெற்றோரின் இணைவகை அலகுகளும் ஒரே கலத்தில் இருத்தல். ஒருவகை மட்டும் இருப்பின், வேறோர் அலகு இதனை அடக்கி வைத்துவிடும். இரண்டாவது, குளுக்கோசும் நைதரசன் உணவும் அற்றுப்போதல். இரண்டும் பொருந்தினால் ஐ.எம்.ஈ.1 செயற்பட்டு, ஏனைய அலகுகளை வரிசையாக எழுப்பும்.

தொடக்கத்தில் மீண்டும் உணவு கிடைப்பின், கலம் பழையபடி அரும்பத் திரும்பலாம். என்.டி.டி.80 என்னும் மற்றோர் அலகு முழுவீச்சில் இயங்கத் தொடங்கியபின் மீட்சியில்லை. எவ்வளவு சர்க்கரை இட்டாலும் வித்தியாக்கம் முடிந்தே தீரும்.

இதனால் நமக்கென்ன என்று சிலர் வினவலாம். நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் இவ்வொடுக்கற்பிரிவே மனிதரின் முட்டையையும் விந்தையும் ஆக்குகிறது. அதிலே பிசகு நேர்ந்து 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகுமாயின், குழந்தை டவுன் கூட்டறிகுறியுடன் பிறக்கும். ஒடுக்கற்பிரிவின்போது நிறமூர்த்தங்கள் தம்முட் பகுதிகளை மாற்றிக்கொள்வதற்கு, டி.என்.ஏ. இழையை முதலில் வெட்டுவது ஸ்போ11 என்னும் புரதம். அதன் இத்தொழில் 1997இல் மதுவத்திலேயே அறியப்பட்டது; அதற்கு நிகரான புரதம் மனிதரிடத்தும் உண்டு. மனிதக் கருவிலே செய்ய இயலாத சோதனைகளை மதுவத்திலே செய்யலாம். நான்கு வித்திகளையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, எந்த அலகு எங்கே சென்றதென எண்ணியே பார்த்துவிடலாம். கள்முட்டியின் நுரையிலே கிடக்கும் சிற்றுயிர், நம் பிறப்பின் நுட்பத்தை இவ்வாறு நமக்கு உணர்த்துகிறது.