அலுமாரிக்குள் இருக்கும் கணனி

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஒரு சிறு கணனியை முதன்முதல் இயக்குவது எப்படி என்பதைப் பற்றிச் சில நிமிடம் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். நான் சொல்லப்போகும் கணனி உள்ளங்கையில் அடங்குவது. நீளம் 85 மில்லிமீற்றர். அகலம் 56 மில்லிமீற்றர். அதன் மூளை, நினைவகம், இணைப்புத் துளைகள் யாவும் ஒரே பலகையிலே பொருத்தப்பட்டிருக்கின்றன. பெட்டியும் இல்லை, மூடியும் இல்லை. றாஸ்பெரி பை என்பது அதன் பெயர். அதன் நான்காம் வகைப் பலகையொன்றை வெளிநாட்டிலுள்ள நம் அங்கத்தவர் ஒருவர் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். அது எட்டு மாதமாக நம் வாசிகசாலை அலுமாரியிலே பூட்டிக் கிடக்கின்றது. பழுதாகிவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தினாலேதான் பூட்டினோம். அந்த நல்லெண்ணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

முதலில் அது பிறந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் நகரத்து ஏகோர்ன் கம்பெனி 1981ஆம் ஆண்டிலே பி.பி.சி. மைக்றோ என்ற கணனியை வெளியிட்டது. அந்நாட்டுப் பாடசாலைகள் பல அதனை வாங்கின. அதற்கு மின்சாரம் கொடுத்தவுடன் படமோ விளையாட்டோ தோன்றாது. கட்டளையை எதிர்பார்த்து ஒரு சிறு குறி மாத்திரம் தோன்றும். ஆகவே அதன் முன் அமர்ந்த பிள்ளைகள் தாமே கட்டளை எழுதப் பழகினார்கள்.

கால் நூற்றாண்டு கழிந்தது. 2006ஆம் ஆண்டளவில், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த எபன் அப்ரன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு குறையைக் கண்டார்கள். கணனி விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிப்போர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்தது. வந்தவர்களும் முன்னையோரைப் போலக் கணனியைக் கிண்டிக் கிளறிப் பழகியவர்களாக இல்லை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். வீட்டுக் கணனி விலையுயர்ந்த பொருளாகிவிட்டது. பெற்றோரின் கணக்கும் கடிதமும் அதிலேயே இருந்தன. ஆதலால், "தொடாதே, பழுதாய்ப் போகும்" என்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். இது இங்கிலாந்துக் கதை. ஆனால் நம் அலுமாரியின் கதையும் இதுவன்றோ?

அக்குறையை நீக்கவே இப்பலகையைச் செய்தார்கள். 2012 பெப்ரவரி 29ஆந் தேதி முதற் பலகை 35 டொலர் விலையில் வெளிவந்தது. அன்று வாங்க முண்டியடித்தோர் தொகையைத் தாங்கமாட்டாமல் விற்பனையாளரின் இணையத் தளங்களே முடங்கின. 2015 நவம்பரிலே 5 டொலர் விலையுள்ள இன்னும் சிறிய பலகையை ஒரு சஞ்சிகையின் அட்டையிலே ஒட்டி, இனாமாகவே கொடுத்தார்கள். விலையைக் குறைத்ததன் நோக்கம் சிக்கனம் மாத்திரமன்று. பிள்ளை பயமின்றிப் பிழைவிடலாம் என்பதே அதன் பயன்.

நிற்க, இயக்கும் முறைக்கு வருவோம். தேவையான பொருட்கள் சில. பலகை, 5 வோல்ற்றில் 3 அம்பியர் தரக்கூடிய மின்வழங்கி, நகத்தளவான மைக்றோ எஸ்.டி. மெமறி காட், விசைப்பலகை, மவுஸ், திரை. நான்காம் வகைப் பலகையிலே திரைக்குரிய துளை மிகச் சிறியது; ஆதலால் மைக்றோ எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். அத்தகைய துளைகள் இரண்டு உண்டு. மின்சாரத் துளைக்கு அருகிலுள்ளதையே முதலிற் பயன்படுத்துங்கள்.

இக்கணனியின் இயங்குதளம் பலகையில் இல்லை; மெமறி காட்டிலேதான் இருக்கும். அதனை வேறொரு கணனியின் உதவியால் நாமே எழுதவேண்டும். அதற்கென்று இமேஜர் என்னும் மென்பொருளை இனாமாகத் தருகின்றார்கள். எந்தப் பலகை, எந்த இயங்குதளம், எந்தக் காட் என்ற மூன்றையும் தெரிந்து கொடுத்தால், அது எழுதி, எழுதியது சரியோ என்று தானே சரிபார்க்கும். காட்டில் முன் இருந்தவை யாவும் அழிந்துபோகும் என்பதை மறவாதீர்கள்.

இவ்விடத்திலேதான் நான் வழுக்கி விழுந்தேன். என் சொந்தப் பலகையை வாங்கிய அன்று, இமேஜரைப் பயன்படுத்தாமல், இயங்குதளக் கோப்பைப் புகைப்படத்தைப் பிரதி செய்வதுபோலக் காட்டிலே பிரதி செய்து வைத்தேன். மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையிலே சில வரி வெள்ளை எழுத்துக்கள் வந்து நின்றன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் வயரை மாற்றினேன், திரையை மாற்றினேன், ஈற்றிலே பலகை பழுது என்று தீர்ப்பும் கூறிவிட்டேன்.

மூன்றாம் நாள் அயல்வீட்டுப் பிள்ளை, பத்தாம் வகுப்பு மாணவி, வந்து பார்த்தாள். "மாமா, இதிலை எழுதியிருக்கிறதை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள். நான் வாசிக்கவில்லை. காட்டிலே தொடங்குவதற்குரிய கோப்பு எதுவும் காணப்படவில்லை என்றே அந்த வரிகள் இரண்டு நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. வீட்டின் படத்தைச் சுருட்டிக் காணியின் நடுவே வைத்துவிட்டு, குடிபுகப் போனவனுடைய செயல் என்னுடையது. படத்தைக் கொண்டு வீட்டைக் கட்டவல்லவோ வேண்டும்! அவள் இமேஜரைக் கொண்டு காட்டை எழுதித் தந்தாள். பச்சை விளக்கு மின்னி மின்னி எரிந்தது. காட்டை வாசிக்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். சிறிது நேரத்தில் திரை மலர்ந்தது.

ஆயினும் திரையின் மூலையிலே ஒரு மின்னற் குறி அடிக்கடி தோன்றியது. பழைய தொலைபேசிச் சார்ஜரைக் கொண்டு மின்சாரம் கொடுத்திருந்தேன்; அது போதவில்லை என்பதே அதன் பொருள். ஏற்ற மின்வழங்கியை மாட்டியதும் குறி மறைந்தது.

முதன்முறை இயங்கும்போது நாடு, மொழி, நேரவலயம் ஆகியவற்றைக் கேட்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்கச் சொல்லும். இமேஜரிலேயே இவற்றை முன்கூட்டிக் கொடுத்துவிடவும் முடியும். முன்னர் எல்லாப் பலகைகளுக்கும் 'பை' என்ற ஒரே பெயரும் 'றாஸ்பெரி' என்ற ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. எல்லா வீட்டுக்கும் ஒரே திறப்பு என்றால் கள்வனுக்கு வேலை இலகு அல்லவா? 2022ஆம் ஆண்டிலே அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். நான்காம் வகைப் பலகையிலே கடிகாரத்துக்கு மின்கலம் இல்லை. இணையத்திலிருந்தே நேரத்தை அறிந்துகொள்ளும். ஆதலால் இணைய இணைப்புக் கிடைக்குமுன் நேரம் பிழையாகக் காட்டினால் திகைக்கவேண்டாம்.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற மாதம் முதிய அங்கத்தவர் ஒருவர் என்னிடம், "தம்பி, பெடியள் தொட்டுப் பழுதாக்கினால் ஆர் திருத்துறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று சொல்லாத விடையை இன்று சபையிலே சொல்லுகின்றேன். ஐயா, இப்பலகையிலே திருத்த முடியாத பழுதும் உண்டு. திருத்தக்கூடிய பழுதும் உண்டு. ஓரத்திலே நிற்கும் 40 ஊசிகளிற் சமிக்ஞை ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கே உரியன; அவற்றில் 5 வோல்ற் பட்டால் பலகை மாண்டுபோகலாம். மின்சாரம் ஓடும்போது பலகையை உலோகத்தின்மேல் வைத்தாலும் ஆபத்து. இவ்விரண்டையும் முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். மின்சாரத்தைத் திடீரெனப் பிடுங்கினால் காட்டிலுள்ளவை சிதையலாம். கட்டளை கொடுத்து முறையாக நிறுத்திய பின்னரே பிடுங்கவேண்டும். ஆனால் காட் சிதைந்தாலும், பிழையான கட்டளையினால் எல்லாம் குழம்பினாலும், காட்டைத் திரும்ப எழுதினால் அரைமணி நேரத்திலே பழைய நிலைக்கு வந்துவிடும். சிலேற்றிலே எழுதி அழிப்பது போன்றதே அது. சிலேற்றைப் பூட்டி வைத்து எழுத்துப் படிப்பித்தவர் எவரேனும் உண்டோ?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தொலைபேசியை விரலால் தள்ளத் தெரிந்ததைக் கொண்டு கணனி தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். இப்பலகை உங்களுக்காக எதையும் தயாராக வைத்திருக்கவில்லை. அது பிழையைச் சொல்லும்போது பொறுமையாக வாசியுங்கள். நான் வாசிக்காமல் இரண்டு நாளை இழந்தேன்.

அலுமாரித் திறப்பு நம் பொருளாளர் ஐயாவின் கையில் இருக்கின்றது. வருகின்ற சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வாசிகசாலையைத் திறந்து, அந்தப் பலகையை மேசைமேல் எடுத்து வைக்கும்படி சபையின் முன்னிலையில் அவரை வேண்டிக்கொள்ளுகின்றேன். காட்டும் மின்வழங்கியும் நான் கொண்டுவருவேன். அன்று நான் எதையும் தொடமாட்டேன். பிள்ளைகளே எழுதட்டும், பிள்ளைகளே மாட்டட்டும். பிழைத்தால் திரும்ப எழுதட்டும். பெரியோர்களும் வந்து பக்கத்தில் அமர்ந்து பார்க்கவேண்டும்.