ஊழா, நெறிப்பிழையா?



சென்னைப் புறத்தே மவுலிவாக்கத்தில், 2014 சூன் 28 மாலை, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழைநேரத்தில் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா, தமிழகம் என மூன்று நிலத்து உழைப்பாளரும் அவ்விடிபாட்டில் சிக்கினர். இடி விழுந்ததே கரணியம் எனக் கட்டியவர் தரப்பில் கூறப்பெற்றது. ஆய்ந்தோர் கண்டதோ வேறு: தூண்கள் அச்சுமையைத் தாங்கும் வலிவோடு அமையவில்லை. அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இடிதான் கரணியமெனின், அதனை ஏன் தகர்க்க வேண்டும்?

சாரத்திலிருந்து ஒருவன் விழுந்து மாண்டால், "அவன் விதி" என்று கூறிக் கைகழுவுவது கண்காணிகளின் வழக்கம். வடசொல்லாகிய 'விதி' ஊழையும் குறிக்கும், சட்டநெறியையும் குறிக்கும். தமிழில் அவை வெவ்வேறு சொற்கள். நெறியை மீறியவன் ஊழின் பின்னே ஒளிந்துகொள்ள அவ்வொரு சொல் எத்துணை வாய்ப்பாகப் போயிற்று!

61 பேர் ஒருசேர மாண்டால் நாடறியும். ஒவ்வொருவராக விழுவதை யார் அறிவார்? கட்டுமானக் களத்துச் சாவுகளுள் உயரத்திலிருந்து விழுவதே முதன்மையானது. அதனைத் தடுப்பது அரிய கலையன்று. சாரத்தில் ஒற்றைப் பலகைக்கு மாற்றாக இடைவெளியற்ற தளம், விளிம்பில் இடுப்பளவுத் தடுப்பு, கீழே வலை. இவற்றை விடுத்து இடுப்பில் ஒரு கச்சையை மட்டும் கட்டிவிடுகின்றனர். அதன் கொக்கியை மாட்ட உறுதியான இடமே இராது! மேற்பார்வைக்கு வருவோர் கண்ணுக்கு அக்கச்சை போதும்; விழுபவனுக்குப் போதாது. குழி தோண்டுமிடத்தும் இதே நிலைதான். ஒரு கன மீட்டர் மண், ஒரு மகிழுந்தின் எடையிருக்கும். முட்டுக் கொடாத குழியில் அது சரிந்தால், மார்பளவு புதைந்தவனும் மூச்சுவிட இயலாது.

1996-இல் இயற்றப்பட்ட தீர்வைச் சட்டம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றேனும் உழைப்பாளர் நலனுக்குத் தண்ட வழி செய்தது. மாண்டவர் குடும்பத்துக்கு அதிலிருந்து உதவித்தொகை கிடைக்கிறது. வேண்டியதே. ஆயினும் சாவுக்குப் பின் வரும் பணம், சாவுக்கு முன் ஒரு தடுப்புக்கழியாக வரவில்லையே!

அறிவிப்புப் பலகைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! தமிழ்க் கொத்தனுக்குத் தமிழிலும், தெலுங்கனுக்குத் தெலுங்கிலும், ஒடியனுக்கு ஒடியத்திலும் எச்சரிக்கை உரைக்கப்படல் வேண்டும். எழுத்தறியாத சித்தாளுக்கு நாள்தோறும் காலையில் வாயாற் கூறல் வேண்டும். சாரம் எழும்பியதும், அதில் ஏறப்போகிறவர்களே அதனை அசைத்துப் பார்த்து, ஆகாதெனின் ஏற மறுக்கலாம். மறுத்த நாளுக்கும் கூலி உண்டு என ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும்.