மதமா, ரொட்டியா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் என்றால், நவம்பர் மாதம் நடப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன்னால் அங்கே இன்னொரு தேர்தல் நடக்கிறது. கட்சியின் சார்பில் எந்த அபேட்சகர் நிற்பது என்பதைச் சாதாரண வோட்டர்களே வோட்டுப் போட்டுச் சொல்லும் தேர்தல் அது. பிரைமரி என்று அதற்குப் பெயர். பல ராஜ்யங்களில், வோட்டர் பட்டியலில் பெயர் பதியும்போதே, 'நான் இன்ன கட்சி' என்று பதிந்துகொள்ளலாம். சந்தா கிடையாது, மெம்பர் கார்டு கிடையாது. பதிந்தவனுக்கு அந்தக் கட்சியின் பிரைமரியில் ஒரு வோட்டு உண்டு.

அப்படி நடந்த ஒரு பிரைமரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இடம் மேற்கு வர்ஜீனியா ராஜ்யம். நாள் 1960-ஆம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி. கட்சி டெமாக்ரடிக் கட்சி. எத்தனையோ தேர்தல்கள் இருக்க, இதை ஏன் எடுத்தேன்? அங்கே வோட்டுப் போட்டவர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இருந்தார்கள். அவர்கள் முன்னே வைக்கப்பட்ட கேள்வி ஒன்று. அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி வேறொன்று. அதுதான் காரணம்.

முதலில் அந்த ஜனங்களின் நிலைமையைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா மலைப்பிரதேசம். நிலக்கரிதான் அங்கே பிழைப்பு. 1940-களின் கடைசியில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1960-ல் அதில் பாதிப் பேர்கூட இல்லை. என்ன நடந்தது? கரியைத் தானே வெட்டி, தானே அள்ளிக் கொட்டும் யந்திரம் வந்தது. யந்திரம் வந்தால் ஆள் எப்படிக் குறைகிறது என்று, ஆலையில் தறி முன்னால் நிற்கிறவர்களுக்கும், அறுவடை யந்திரம் வயலில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் முதலாளிகளோடு ஒப்பந்தம் செய்தார். யந்திரத்தைச் சங்கம் தடுக்காது. வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் முதலாளி தொழிலாளர் நல நிதிக்குப் பணம் கட்டவேண்டும். வேலையில் இருந்தவனுக்கு வைத்தியம் கிடைத்தது; வயதானவனுக்குப் பென்ஷன் கிடைத்தது. வேலை போனவனுக்கு என்ன கிடைத்தது? சர்க்கார் கொடுத்த உபரி உணவு. மாவு, அரிசி, பால் பவுடர். அதற்காக வரிசையில் நிற்கவேண்டும். பூமியின் வயிற்றைக் கிழித்து நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவன், மாவு மூட்டைக்காகக் கை நீட்டினான்.

இந்த ஜனங்களிடம்தான் இரண்டு செனட்டர்கள் வோட்டுக் கேட்டு வந்தார்கள். ஒருவர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, மின்னசோட்டா ராஜ்யத்துக்காரர், மருந்துக்கடைக்காரர் மகன். சங்கத்தாருக்கு நெடுநாள் நண்பர். இன்னொருவர் ஜான் கென்னடி, மசாசூசெட்ஸ் ராஜ்யத்துக்காரர், பெரும் கோடீஸ்வரர் மகன். ஹம்ப்ரி பஸ்ஸில் வந்தார். கென்னடிக்குச் சொந்த விமானம் இருந்தது.

ஏழைகள் ஹம்ப்ரி பக்கம் போயிருக்கவேண்டும், இல்லையா? ஆனால் பத்திரிகைகள் பேசியது பணக்காரன், ஏழை என்பதையல்ல. கென்னடி கத்தோலிக்கர். அந்த ராஜ்யத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கத்தோலிக்கர் அல்லாதவர்கள், பெரும்பாலும் புரொட்டஸ்டண்டுகள். அதுவரை கத்தோலிக்கர் எவரும் அமெரிக்காவில் ஜனாதிபதியானதில்லை. 1928-ல் நின்ற ஆல் ஸ்மித் தோற்றுப்போனார். சில மாதங்களுக்கு முன்னே கென்னடி முன்னணியில் இருந்தார். அவர் மதம் இன்னதென்று ஊரெங்கும் தெரிந்ததும் பின்தங்கிவிட்டார். கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப்பாண்டவரின் சொல்தான் வெள்ளை மாளிகையில் செல்லும் என்று பிரசாரம் நடந்தது.

தோழர்களே, இங்கேதான் விவாதம் மூண்டது. சர்ச்சு வாசலில், கடைத்தெருவில், சுரங்க வாயிலில், வீட்டுத் திண்ணையில் விவாதம். நம் வேதம் வேறு, அவர் வேதம் வேறு என்றார்கள் ஒரு சாரார். யுத்தத்தில் அவர் கடற்படையில் சேர்ந்தபோது எந்த மதம் என்று யாராவது கேட்டார்களா என்றார்கள் மறு சாரார். கென்னடியே அந்தக் கேள்வியைக் கூட்டங்களில் கேட்டார். விமானத்தில் பறந்து உயிர்விட்ட தன் அண்ணனிடமும் யாரும் மதம் கேட்கவில்லை என்றார். ஜனாதிபதி பைபிள்மேல் சத்தியம் செய்கிறார், அதை மீறுவது கடவுளுக்கே விரோதமான பாவம் என்று டெலிவிஷனில் சொன்னார்.

இன்னொரு வாதமும் இருந்தது. அந்த ராஜ்யத்துச் செனட்டர் ராபர்ட் பேர்ட், லிண்டன் ஜான்சனை ஆதரிப்பவர். ஜான்சன் இந்தப் பிரைமரியில் நிற்கவில்லை. ஆனால் கென்னடியைத் தடுக்க ஹம்ப்ரிக்குப் போடுங்கள் என்றார் பேர்ட். அப்படியானால் ஹம்ப்ரிக்குப் போடும் வோட்டு யார் கணக்கில் சேரும்? இதையும் ஜனங்கள் யோசிக்கவேண்டியிருந்தது.

வந்தவர்களிடம் சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டதோ வேறு. எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு எங்கே? வேலை எங்கே? கென்னடி ஒரு சுரங்க வாயிலில் கை குலுக்கியபோது, நீர் கோடீஸ்வரர் மகனாமே, ஒரு நாள்கூடக் கையால் வேலை செய்ததில்லையாமே என்று ஒரு தொழிலாளி கேட்டதாகவும், அவர் ஒப்புக்கொண்டதும், அதனால் உமக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று அந்தத் தொழிலாளி சொன்னதாகவும் ஒரு கதை இன்றைக்கும் வழங்குகிறது. மே 4-ந் தேதி சார்ல்ஸ்டன் நகரில் இரு அபேட்சகர்களும் டெலிவிஷனில் நேருக்கு நேர் பேசியபோதும், வறுமையும் வேலையில்லாத் திண்டாட்டமும்தான் பெரிய பேச்சு.

இதை வைத்து, நடந்ததெல்லாம் சுத்தமான ஜனநாயகம் என்று நான் சொல்லவில்லை. கென்னடி தரப்பில் பணம் ஆறாக ஓடியது. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் யார் யாருக்குப் போடுவது என்று பட்டியல் அச்சடித்து வோட்டர் கையில் கொடுப்பார்கள்; அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கப் பணம் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். தொழிலாளர் வீடுகளில் ரூஸ்வெல்ட்டின் படம் மாட்டியிருந்தது. சங்கம் வைக்கும் உரிமை அவர் காலத்துச் சட்டங்களில் வந்தது அல்லவா? அந்த ரூஸ்வெல்ட்டின் மகனையே கென்னடி தரப்பு மேடையேற்றியது. ஹம்ப்ரி யுத்தத்துக்குப் போகவில்லை என்று அவர் குத்திப் பேசினார். உடல்நிலை காரணமாகப் படையில் எடுக்கப்படாதவர் ஹம்ப்ரி. இது அவதூறு அல்லாமல் வேறென்ன?

முடிவு என்ன? கென்னடிக்கு சுமார் 2 லட்சத்து 36 ஆயிரம் வோட்டு. ஹம்ப்ரிக்கு சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம். ஹம்ப்ரி போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மதத்தை வைத்து இந்த ஜனங்களைப் பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். நவம்பரில் கென்னடி ஜனாதிபதியாக ஜெயித்தார்.

அப்புறம்? 1961 ஜனவரி 20-ந் தேதி பதவி ஏற்றார். மறுநாள் அவர் கையெழுத்திட்ட முதல் உத்தரவே ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பங்கீட்டை அதிகப்படுத்தும் உத்தரவு. அதே வருஷம் மே மாதம், மேற்கு வர்ஜீனியாவின் மக்டவல் ஜில்லாவில், வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு முதல் உணவுக் கூப்பன்கள் கொடுக்கப்பட்டன. 1964-ல் அது சட்டமாயிற்று. வேறு பெயரில் அந்தத் திட்டம் வளர்ந்து, 2023-ல் அமெரிக்காவில் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உணவு பெற்றார்கள். வோட்டுக் கேட்டு வந்தவனிடம் வயிற்றைக் காட்டிக் கேட்ட கேள்விக்கு வந்த பலன் இது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ரொட்டி வந்தது, போன வேலை திரும்பவில்லை. 1950-ல் 20 லட்சம் பேர் வாழ்ந்த அந்த ராஜ்யத்தில் 1970-ல் 17 லட்சத்து 44 ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள்.

இன்னொன்று. அன்று பிரைமரி நடந்தது மூன்றில் ஒரு பங்கு ராஜ்யங்களில்தான். மற்ற இடங்களில் கட்சித் தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். மேற்கு வர்ஜீனியாவில் தோற்ற அதே ஹம்ப்ரி, 1968-ல் ஒரு பிரைமரியில்கூட நிற்காமலே டெமாக்ரடிக் கட்சியின் அபேட்சகரானார்! வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து பிரைமரிகளில் வோட்டுப் போட்ட ஜனங்கள் கொதித்தார்கள். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடியடி நடந்தது. அதன் பிறகே விதிகள் மாறி, 1972 முதல் பெரும்பாலான பிரதிநிதிகளைப் பிரைமரிகளே நிர்ணயிக்கும் நிலை வந்தது. அந்த உரிமையும் சும்மா வரவில்லை, அடிபட்டு வந்தது.

ஆகவே தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். அபேட்சகரைப் பற்றி விவாதம் செய்வது வீண் பேச்சு அல்ல. என்ன கேள்வி கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் என்ன மதம், நம் ஆளா என்று கேட்டால், அதற்கேற்ற பதில்தான் வரும், அடுப்பு எரியாது. சோறு எங்கே என்று கேட்டார்கள், சோறு வந்தது. வேலை எங்கே என்றும் கேட்டார்கள், அது வரவில்லை. தேர்தலுக்கு முன் வாயிலில் நின்று கேட்ட கேள்வியை, தேர்தலுக்குப் பின்னும் விடாமல் கேட்க வேண்டும். கேட்கிற வாய் ஒன்றாக இருக்கவேண்டும். அதைத்தான் அந்த மலைநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் அனுபவம் நமக்குச் சொல்கிறது.