வெயிலில் போடும் படுக்கை



இரவில் ஏழெட்டு மணி நேரம் படுக்கையில்தான் கழிகிறது. மூக்கும் தோலும் அதை ஒட்டியே இருக்கின்றன. அப்படியானால் எந்தப் படுக்கை நல்லது?

வட இந்தியக் கிராமங்களில் கயிற்றுக் கட்டில் உண்டு. அதைச் 'சார்பாய்' என்பார்கள். அடியிலிருந்தும் காற்று வரும். எளிதாகத் தூக்கி வெயிலில் போடலாம். கோரைப் பாயும் பஞ்சு மெத்தையும் அப்படித்தான்.

நுரை மெத்தை நனைந்தால் சீக்கிரம் உலராது. தீப்பிடித்தால் அதன் புகை நஞ்சு. புது ஒட்டுப்பலகைக் கட்டிலில் பசை நெடி வீசும். அதில் ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு இருக்கும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். வாங்கிவிட்டால், நெடி போகும்வரை ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி வருமே என்பீர்கள். வரும். அதற்காக வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கட்டிலில் தெளிக்காதீர்கள். தானியத்துக்கு வைக்கும் பூச்சி மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். நம் நாட்டில் அந்த வாயுவால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

பின் என்ன செய்வது? கட்டிலை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் எட்ட நிற்கட்டும். மூலை முடுக்கெல்லாம் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். பூச்சியும் சாகும், முட்டையும் அழியும். போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள்.

வெயிலுக்குக் காசு இல்லை. விஷத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.