இரவு மாத்திரை



நம் டிரஸ்டில் மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் சிலர் மருந்துச் சீட்டின் கீழ்ப்பகுதியை மடித்துக் கொடுக்கிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. நானும் மடித்தவன்தான்.

இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்பு வலி எனக்கு. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் ஃபஜ்ர் பாங்குவரை புரண்டுகொண்டே கிடப்பேன். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மருந்துக்கடைப் பையன், "இது மனநோய் மாத்திரையாச்சே, பாய்" என்று நாலு பேர் முன்னால் கேட்டான். வீட்டிலோ, "தண்ணீர் ஓதிக் குடித்தால் போதாதா?" நானாகவே நிறுத்தினேன். ஒரு மாதத்தில் ஸஜ்தாவிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் சொன்னார்: மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், குறைந்த அளவில் நரம்பு வலியைத் தணிக்கும், தூக்கமும் வரும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். சரி, மனச்சோர்வுக்கே சாப்பிட்டால்தான் என்ன? மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

துஆவும் கேட்கிறேன், மாத்திரையும் போடுகிறேன். வலி போய்விடவில்லை, நாலு மணி நேரம் தூங்குகிறேன். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ரமளானில் எப்போது போடுவது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சீட்டை மடிக்காமல் கொடுங்கள். நான் ஒருவன்தான் பார்ப்பேன்.