கல்லீரலில் ஒளியும் நீர்க்கிருமி

கல்லீரலில் சீழ்க்கட்டி என்றவுடன் நம் நாட்டு மருத்துவரின் நினைவுக்கு முதலில் வருவது அமீபா. அதற்கு அடுத்தபடி, குடலிலிருந்து ஏறிவரும் பழக்கமான கிருமிகள். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். ஆயினும், நீரிழிவு உடைய ஒருவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, அது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் வாரக்கணக்கில் நீடித்து, கல்லீரலோடு மண்ணீரலிலும் சிறு சிறு கட்டிகள் தோன்றுமாயின், வேறொரு கிருமியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் அதன் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. அது விளைக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். அதனைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம்.

இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது ரங்கூன் நகரத்தில். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. அங்கிருந்த மருத்துவமனையின் பிணப்பரிசோதனைக் கூடத்தில் 1911-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணஸ்வாமி என்னும் இரு மருத்துவர்கள், உடல் நலிந்து இறந்த ஏழை மக்களின் உள்ளுறுப்புகளில் விந்தையான சீழ்க்கட்டிகளைக் கண்டனர். இறந்தவர்களுள் பலர் மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள். குதிரைகளைத் தாக்கும் ஒரு நோயின் கிருமியை இக்கிருமி ஒத்திருந்தது; ஆனால் அதுவன்று. இதனை அவர்கள் 1912-இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினர்.

அதன்பின் இந்திய நாட்டிற்குள்ளேயே இந்நோய் தொற்றியது என்று மருத்துவ ஏடுகளில் பதிவானது 1991-இல், பம்பாயில் ஒரு குழந்தையிடம். இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் நம் வயல்களில் இக்கிருமி இல்லாதிருந்ததா? அங்ஙனம் கொள்ள இயலாது. தேடியவர்கள் இல்லை என்பதே பொருத்தம். வேலூரிலும் மணிப்பாலிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுக்கூடத்தார் கண் வைத்துத் தேடத் தொடங்கியபின், நோயாளிகள் ஆண்டுதோறும் வெளிப்படலாயினர். உலகெங்கும் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும், அவர்களுள் 89,000 பேர் மடிவதாகவும் 2016-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ‘அரிய நோய்’ என்னும் பெயர் இதற்குத் தகுமா என்பது நமக்கு ஐயமே.

கிருமி உடலுள் புகும் வழிகள் மூன்று: காலில் உள்ள கீறல், மூச்சுக்காற்று, காய்ச்சாத குடிநீர். நலமுள்ளவர்கள் பெரும்பாலோர் இதனைத் தாங்கிக்கொள்கின்றனர். நீரிழிவாளர், நெடுநாள் குடிப்பழக்கத்தினர், சிறுநீரகம் பழுதுற்றவர், தலசீமியா உடையவர், ஸ்டீராய்டு மருந்து உண்பவர் ஆகியோரிடத்தில்தான் இது வலுக்கிறது. (எய்ட்ஸ் நோயாளிகளையே இது மிகுதியாகத் தாக்கும் என்று எண்ணத் தோன்றும், அனுபவத்தில் அப்படி இல்லை.) இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்வது இயற்கை. நீரிழிவு கட்டுப்படாத உடலிலோ அவ்வணுக்கள் மந்தமாகின்றன. விழுங்கப்பட்ட இக்கிருமி தன்னை அடைத்த பையைக் கிழித்து வெளியேறி, அணுவுக்குள்ளேயே பெருகி, அடுத்த அணுவுக்குத் தாவுகிறது. இரத்த ஓட்டத்தோடு கல்லீரலை அடைந்தால், சிறு அறைகள் பல ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியாக வளர்கிறது. எக்ஸ்ரே கதிர்களால் எடுக்கும் ஸ்கேன் படத்தில் அது தேன்கூடு போலவே தெரியும்.

இதே நீரிலும் மண்ணிலும் வாழும் மற்றொரு கிருமி உண்டு. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்னும் அது, ஆய்வுக்கூடத் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் வளரும். பார்வைக்கு அழகியது, வெள்ளணுக்களில் பிறவிக் குறையுள்ள சிறுவரின் கல்லீரலிலோ கொடிய கட்டிகளை உண்டாக்குவது. மெய்யாகவே அரிதான நோய் என்றால் அதனைச் சொல்லலாம்.

மெலியாய்டோசிஸ் பல நேரங்களில் காசநோய் எனத் தவறாகக் கொள்ளப்படுகிறது. மெலிவு, நீண்ட காய்ச்சல், நுரையீரலில் நிழல் ஆகியன இரண்டிற்கும் பொது. நோயாளி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை உண்டபின் உண்மை தெரிந்த நிகழ்ச்சிகள் பல. இரத்தத்தையும் சீழையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதே துணிவான வழி. அங்கும் இடர் உண்டு. வளர்வதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும் இக்கிருமியை, ஏதோ தூசியால் வந்தது என்று தள்ளிவிடுகின்றனர். ஜென்டாமைசின், காலிஸ்டின் இரண்டிற்கும் அடங்காமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மட்டும் அடங்கும் கிருமியாயின் சந்தேகம் கொள்ளுதல் வேண்டும். இச்சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யலாம். ஒருமுறை தேடி அகப்படாவிடினும் மறுமுறை தேடுவது அவசியம்.

நீரிழிவு உள்ள உழவர் நாற்றங்காலில் இறங்குமுன் முழங்கால்வரை ரப்பர்ச் செருப்பு அணிவதும், கால் புண்ணை மூடிக்கொள்வதும், குளத்து நீரையும் கிணற்று நீரையும் கொதிக்க வைத்துப் பருகுவதும் பயன் தரும். சேற்றில் ரப்பர்ச் செருப்போடு ஏர் ஓட்டுவதும் நாற்று நடுவதும் எளிதன்று என்பதை நாம் அறிவோம். புண் ஆறும்வரையிலாவது அவர் வயலில் இறங்காதிருக்கலாம்.

நோய் உறுதியானபின் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தை நாளத்தின் வழியாக இரண்டு வாரமேனும் செலுத்துவர். கல்லீரலில் கட்டி இருப்பின் நான்கு வாரம். பெரிய கட்டியாயின் ஊசி செருகிச் சீழை வடிப்பதுமுண்டு. மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் ஒரு வாரத்திற்கு மேல் நீடிப்பது வழக்கம். இதை அறியாத குடும்பத்தார் நான்காம் நாளே மனம் தளர்ந்து வேறு மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். ஊசி முடிந்து வீடு திரும்பியபின் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் விடாது உண்ணுதல் வேண்டும். அது விலை மலிந்த மாத்திரைதான். ஆயினும் உடம்பு தேறிப் பசி எடுத்தவுடன் நிறுத்திவிடுபவர் பலர். அத்தகையோரே மறுபடியும் அதே காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருகின்றனர்.