பேய்க்கதை படிக்கலாமா?

(கொல்லிமலை செம்மேட்டில், மலைவாழ் விவசாயத் தொழிலாளரும் அடிவாரத்து மில் தொழிலாளரும் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் ஓர் இளந்தோழர் எழுந்து நம்மை மடக்கிவிட்டார். "பேயும் பிசாசும் பொய் என்று மேடையில் முழங்குகிறீர்கள். உங்கள் வாசகசாலை அலமாரியிலோ பேய்க்கதைப் புத்தகம் இருக்கிறது. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டோம். இன்று தப்ப வழியில்லை. அவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குப் பதில் சொல்லக் கொல்லிமலையை விடப் பொருத்தமான இடம் ஏது? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ் வருவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்தவர் பாவையின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார். மலையில் ஒரு பாவை உண்டு, அரக்கர் வாடை பட்டால் சிரிப்பாள், சிரித்தே கொன்றுவிடுவாள், அதனால்தான் மலைக்குக் கொல்லி என்று பெயர் என்கிறார்கள். எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று கும்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஆனால் பழைய ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டாமா? நற்றிணையில் பரணர் பாடிய பாட்டு ஒன்றில் இந்தப் பாவை வருகிறாள். காதலன் தன் மனம் கவர்ந்த பெண்ணுக்கு அவளை உவமை சொல்கிறான். புயலும் இடியும் நில நடுக்கமும் வந்தாலும் அழியாத அழகு என்கிறான். அந்தப் பாட்டில் கொலைச் சிரிப்பு கிடையாது. அகநானூற்றில் கொல்லிமலையைப் பற்றி ஒரு கொலைச் செய்தி இருக்கத்தான் இருக்கிறது. முள்ளூர் மன்னன் காரி, இம்மலைத் தலைவன் ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கொன்றது ராஜா, கொலைகாரி என்ற பெயர் பாவைக்கு!

மலையேறி வந்தவர்களை மெய்யாகவே கொன்றது மலைக்காய்ச்சல். குளிர் கண்டு உடம்பு தூக்கிப் போட்டால், "பேய் அறைந்துவிட்டது" என்று வேப்பிலை அடித்த காலம் நெடுங்காலம். இதைப் பரப்புவது கொசு என்று செகந்திராபாத்தில் 1897-ல் ராஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆளைக் கொல்கிறது என்று நம் பாட்டன்மார் பயந்தார்களே, அந்தப் பயத்தில் பிழையில்லை. ஆளைத்தான் தவறாகப் பிடித்தார்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளர் 1902-ல் "குரங்குப் பாதம்" என்ற கதையை வெளியிட்டார். ஒரு கிழவர், அவர் மனைவி, ஒரே மகன். மகன் ஆலைத் தொழிலாளி. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவன், காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறான். மூன்று வரம் தருமாம். ஒரு பக்கிரி மந்திரித்ததாம். (வெள்ளைக்காரன் நம் நாட்டிலிருந்து எதையெதையோ ஏற்றிக்கொண்டு போனான், பேயையும் இங்கிருந்துதான் இறக்குமதி செய்ய வேண்டுமா?) வீட்டுக் கடனை அடைக்க இருநூறு பவுன் கேள் என்று மகனே விளையாட்டாகச் சொல்கிறான். கிழவரும் கேட்கிறார். மறுநாள் மகன் வேலைக்குப் போகிறான். மாலையில் மகன் வரவில்லை. கம்பெனி ஆள் வருகிறான், நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு. வாசலில் தயங்கித் தயங்கி நிற்கிறான். மகன் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டான் என்கிறான். கம்பெனிக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை, ஆனாலும் மகனுடைய உழைப்பை எண்ணி ஒரு தொகை தருகிறோம் என்கிறான். எவ்வளவு? இருநூறு பவுன்.

தோழர்களே, இதற்கு மேல்தான் கதையில் பேய் வருகிறது. மகனைத் திரும்பக் கொடு என்று தாய் கேட்க வைக்கிறாள். நடுநிசியில் கதவு தட்டப்படுகிறது. ஆனால் ரத்தம் உறைகிற இடம் எது? நமக்கு அந்தக் கம்பெனி ஆள் வாசலில் நிற்கிற இடம்தான். விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1897-லேயே சட்டம் வந்தாயிற்று. நம் நாட்டில் 1923-ல்தான் வந்தது. சட்டம் வந்து ஐந்து வருஷம் கழித்து எழுதிய கதையிலும் "பொறுப்பில்லை" என்ற சொல்தான் முதலில் வருகிறது!

நமக்கு இந்தக் கதை ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்றால், காரணம் உண்டு. நாம் வேலை பார்த்த ஒரு மில்லில் கார்டிங் பகுதியில் ஒருவர் இறந்துபோனார். பல்சக்கரத்துக்கு மூடி இல்லை, வேட்டி மாட்டிக்கொண்டது. பதினைந்து நாள் கழித்து இரவு ஷிப்டில் பேச்சு கிளம்பியது. அந்த மெஷின் பக்கம் அவர் நிற்கிறாராம், பீடி நெருப்பு தெரிகிறதாம். மூன்றாவது ஷிப்டுக்கு அந்த மெஷினில் நிற்க ஆள் வரவில்லை. நிர்வாகம் என்ன செய்தது? பூசாரியை வரவழைத்தது. கிடா வெட்டினார்கள், எலுமிச்சம்பழம் மெஷினில் தொங்கியது, மேஸ்திரி எல்லோருக்கும் திருநீறு பூசினார். அந்த மூடிக்குத் தகடும் நாலு போல்ட்டும் போதும். கிடாவின் விலையில் பாதிகூட ஆகாது. பேயைப் பற்றிப் பேசியவரை யாரும் தடுக்கவில்லை. மூடியைப் பற்றிப் பேசியவருக்கு மெமோ வந்தது. அன்றைக்குப் பயந்த தோழர்களை நாம் "மூடர்கள்" என்று திட்டினோம். அது நம் தவறு. அவர்கள் பயந்தது சரி. அந்த மெஷின் பயப்பட வேண்டிய மெஷின்தான்.

பயம் மறுபக்கம் போவதும் உண்டு. ருஷ்யாவில் கோகோல் 1842-ல் வெளியிட்ட "மேல்கோட்டு" கதை அப்படிப்பட்டது. அக்காக்கி என்று ஒரு ஏழைக் குமாஸ்தா. பழைய கோட்டு கந்தலாகிவிட்டது; பீட்டர்ஸ்பர்க் குளிரோ எலும்பைத் துளைக்கிறது. ராத்திரி தேநீரை விட்டான், மெழுகுவர்த்தியை அணைத்தான், செருப்புத் தேயாமல் நுனிக்காலில் நடந்தான். இப்படிச் சேர்த்த காசில் தைத்த கோட்டை முதல் நாளே திருடர்கள் பறித்துவிட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவரிடம் முறையிடப் போனான். "யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?" என்று அவர் போட்ட அதட்டலில் நடுங்கி வந்து, காய்ச்சலில் படுத்துச் செத்தான். செத்த பிறகுதான் தைரியம் வந்தது! பேயாக வந்து தெருவில் போகிறவர்களின் கோட்டுகளைப் பிடுங்கினான். கடைசியில் அந்தப் பெரிய அதிகாரியின் கோட்டையே பிடுங்கினான். அதன் பிறகு அதிகாரியின் அதட்டல் குறைந்ததாம். உயிரோடு இருந்தபோது அவன் குரல் ஏறாத காதில், பேயானதும் ஏறிற்று. இந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின் நெஞ்சு கனக்கிறது.

நம் புதுமைப்பித்தனை விட்டுவிட்டுப் பேசினால் நீங்களே சும்மா விடமாட்டீர்கள். 1906-ல் பிறந்து 1948-ல் காசநோயில் போனவர். தேயிலைத் தோட்டக் கூலிகளின் நரகத்தைத் "துன்பக்கேணி"யில் எழுதிய அதே கைதான் 1943-ல் "காஞ்சனை"யையும் எழுதிற்று. காஞ்சனையில் கதை சொல்கிறவன் ஒரு எழுத்தாளன், படித்தவன், எதையும் சந்தேகிக்கிறவன். பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் இனம் தெரியாத ஒரு வாசனை வருகிறது, போகிறது. அவனுக்கு நடப்பது கனவா நனவா என்று தெரியவில்லை. நமக்கும் தெரியாது. கடைசி வரை ஆசிரியர் சொல்லவில்லை.

"இதிலும் ஒரு மெஷின் மூடி இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்று சொல்ல நமக்கும் ஆசைதான். தேடினோம், கிடைக்கவில்லை. அந்தப் பெண் பசியின் உருவம், விதவையின் சாபம் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம்; கதை எந்த விளக்கத்துக்கும் கட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அது குறை என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பேய் இல்லை என்று அறிவு சொல்கிறது. புளியமரத்தடியில் நடை தானாக வேகமெடுக்கிறது. இரண்டும் ஒரே மனிதனுக்குள்தான் இருக்கின்றன. அந்த மனிதனை ஒளிக்காமல் நிறுத்திக் காட்டினாரே, அந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்க வேண்டும். பேய் ஓட்டுகிறவன் பயத்தை விலைக்கு விற்கிறான். புதுமைப்பித்தன் திருநீறும் தரவில்லை, எலுமிச்சம்பழமும் தரவில்லை. பயத்தை நம் கையில் கொடுத்து, "பார்த்துக்கொள்" என்று போய்விட்டார்.

ஆகவே, முன்வரிசைத் தோழரே, அந்தப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் காஞ்சனையை உரக்க வாசிக்கப் போகிறோம். விளக்கு வைத்த பிறகுதான் வாசிப்பு. இரவு ஷிப்டுக்காரர்களுக்காக மறுநாள் காலையில் ஒருமுறை வாசிப்போம். வாசிக்கப் போவது நீங்கள்தான். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.